ஞானப்பல்: அதைப்பு இறங்கினால் போதுமா?

காலபோக அறுவடை நடக்கும் வாரங்களில் பல் சிகிச்சைக்கு வருவோர் குறைந்துவிடுவார்கள். நெல் விற்று முடிந்த பின்னரே, தள்ளிப்போட்ட நோவோடு வன்னியின் ஒட்டுசுட்டான், மல்லாவி, கண்டாவளைப் பக்கங்களிலிருந்து மக்கள் வரத் தொடங்குவார்கள். அவர்களில் இருபது வயதை ஒட்டியவர்கள் கொடுப்பைப் பொத்திக்கொண்டு வந்தால், பெரும்பாலும் கீழ்த்தாடை ஞானப்பல்லே காரணமாக இருக்கும். விசாரித்தால், இதே இடம் முன்பும் அதைத்ததாகவும், மருந்துக்கடையில் வாங்கிய அன்டிபயோட்டிக் குளிசையை இரண்டு நாள் போட்டதும் இறங்கிவிட்டதாகவும், மிச்சக் குளிசைகள் அடுத்த தடவைக்கென வீட்டில் பத்திரமாக இருப்பதாகவும் சொல்வார்கள்.

ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் அது சரிந்து தனக்கு முன்னுள்ள கடைவாய்ப்பல்லில் முட்டி, பாதியிலேயே நின்றுவிடும். வெளியே தெரியும் பகுதியை முரசின் (ஈறின்) மடிப்பொன்று மூடியிருக்க, அதன் கீழே உணவுத் துணிக்கைகள் தங்கிக் கிருமிகள் பெருகும். குளிசை அந்தக் கிருமிகளைக் குறைக்குமே தவிர, மடிப்பை அகற்றாது, சரிந்த பல்லை நிமிர்த்தாது. ஆகவே அதைப்பு திரும்பவும் வரும். நோவில்லாத இடைக்காலத்தில், முன்னுள்ள நல்ல கடைவாய்ப்பல்லின் பின்புறம் ஓசையில்லாமல் சூத்தையாகிக்கொண்டிருக்கலாம். ஞானப்பல்லை இழப்பதால் மெல்லுவதற்கு எந்தக் குறையும் வராது. அதன் பொருட்டு அந்த நல்ல பல்லையும் இழக்க நேர்வதே வருந்தத்தக்கது.

அதற்காக எல்லா ஞானப்பற்களையும் கழற்ற வேண்டியதில்லை. நோயெதுவும் காட்டாமல் எலும்புக்குள் கிடக்கும் பல்லை வருமுன் காப்பாக அகற்றத் தேவையில்லை என்பது பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டு வழிகாட்டலின் நிலைப்பாடு. எனது கருத்தும் அதுவே. தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, சூத்தை, கட்டி போன்றவை காணப்பட்டாலோதான் கழற்றுவது பற்றிப் பேசவேண்டும். அப்போதும் முதலில் எக்ஸ்றே எடுத்து, வேர்கள் கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு அண்மையில் உள்ளன என்று பார்க்கவேண்டும். அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடும் நாடியும் (முகவாயும்) விறைத்துப்போகும். பெரும்பாலானோருக்கு இது நாளடைவில் சரியாகிவிடும், மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். எனவே உங்கள் பல்லில் இந்த ஆபத்து எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். வேர் நரம்போடு ஒட்டியிருந்தால், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் சென்று வாய், முகத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுவதே புத்தி.

போர் முடிந்த 2009இல் குழந்தைகளாக இருந்தவர்களே இன்று இங்கு ஞானப்பல் முளைக்கும் வயதில் இருக்கிறார்கள். முகத்திலோ கழுத்திலோ செல் (எறிகணை) துண்டு இருப்பவர்கள் எக்ஸ்றே எடுக்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். சலரோகம், இருதய நோய், குருதி உறையாமல் இருக்கப் போடும் குளிசைகள், எலும்புத் தேய்வுக்கு வாரமொருமுறை போடும் குளிசை ஆகியவற்றையும் மறைக்கக்கூடாது. அதேவேளை அவற்றைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவதும் ஆபத்தானது. பல்லைக் கழற்றினால் கண்பார்வை மங்கும் என்ற பயத்துக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை.

அதைத்து வாய் திறக்க முடியாத நாளிலேயே பல்லைப் பிடுங்கித் தருமாறு பலர் கேட்பார்கள். பொதுவாக முதலில் மடிப்பின் கீழ்ப் பகுதியைக் கழுவி, தேவையானால் மருந்தும் கொடுத்து, வாய் திறக்கக்கூடிய நிலை வந்தபின் கழற்றுவதற்குத் திகதி கொடுப்போம். நோவு மறைந்ததும் திகதியும் மறந்துபோகிறது. அவர்களை அடுத்த அதைப்போடுதான் மீண்டும் காண்கிறோம். அந்தத் திகதிக்கு வருவதே சிகிச்சையின் முக்கியமான பாதி.

கழற்றிய பின் வைக்கும் துணியை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். அன்று வாய் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. மறுநாளிலிருந்து இளஞ்சூடான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். குழியில் உறைந்த இரத்தமே புண்ணுக்குக் காப்பு. அது கழன்றால் மூன்றாம் நாளளவில் காதுவரை இழுக்கும் நோவு தொடங்கும். புகைப்பவர்களுக்கு இது அதிகம் ஏற்படுகிறது. வெற்றிலையும் புகையிலையும் போடுபவர்கள் புண் ஆறும்வரையாவது அவற்றைத் தொடக்கூடாது. ஒரேயடியாக விட்டால் வாய்ப்புற்றுநோய் ஆபத்தும் குறையும்.

கழற்றும் முன்னரோ பின்னரோ, நாடியின் கீழும் கழுத்திலும் அதைப்புப் பரவி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், இரவென்றும் பாராமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அந்த அதைப்பு மூச்சுவழியை அடைத்துவிடக்கூடியது, விடியும்வரை காத்திருக்கக்கூடாது.