தஞ்சாவூர் பொம்மைக்குக் கதவு இல்லை

தஞ்சாவூர் ராஜா பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்துவிட்டாலும் கையை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிடும். அடி உருண்டையாக இருக்கிறது, கனமெல்லாம் அடியில் இருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். பெரிய பாய்மரக் கப்பலும் ஏறக்குறைய இப்படித்தான் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் பொம்மைக்கு இல்லாத ஒன்று கப்பலுக்கு இருக்கிறது: கதவுகள். பாய்மரக் கப்பலில் பணியாற்றும் ஓர் அதிகாரி தன் பணிநேரம் முழுவதும் சுமக்கும் கவலை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

இத்தகைய கப்பல்கள் இன்றும் கடலில் ஓடுகின்றன. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். தரங்கிணி கோவாவில் கட்டப்பட்டு 1997-ல் பணியில் சேர்ந்தது. 54 மீட்டர் நீளம், மூன்று பாய்மரங்கள், 20 பாய்கள். கொச்சியிலிருந்து புறப்பட்டு, பயிற்சி பெறும் இளைஞர்களுக்குக் கடலைக் கற்றுக்கொடுக்கிறது. பொதுவாக இத்தகைய கப்பல்களில் அதிகாரிகள் முறை வைத்து நான்கு மணி நேரம் பொறுப்பேற்கிறார்கள்; கப்பல்காரர்கள் அதை ‘வாட்ச்’ என்பார்கள். திசை பார்ப்பது, எதிரே வரும் கப்பல்களுக்கு வழிவிடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் எந்தச் சரக்குக் கப்பலிலும் உள்ள வேலைகள்தான். பாய்மரக் கப்பலின் அதிகாரி இவற்றோடு இடைவிடாமல் ஒரு கேள்விக்கும் விடை தேடிக்கொண்டிருக்க வேண்டும்: இப்போது விரித்திருக்கும் பாய்கள், அடுத்த பத்து நிமிடத்தில் வரக்கூடிய காற்றைத் தாங்குமா?

கப்பல் சாயும்போது நீருக்குள் நடப்பதைப் பார்ப்போம். கப்பலின் எடை ஒரு புள்ளி வழியாகக் கீழ்நோக்கி இழுக்கிறது. நீரின் மிதப்பு விசை இன்னொரு புள்ளி வழியாக மேல்நோக்கித் தள்ளுகிறது. நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும். கப்பல் சாய்ந்தால், தாழும் பக்கத்தில் உடற்பகுதி அதிகமாக நீரில் அமிழ்வதால், மிதப்பின் மையம் அந்தப் பக்கம் நகர்கிறது. இப்போது இரு விசைகளுக்கும் இடையே ஒரு கிடைமட்ட இடைவெளி உண்டாகிறது. கப்பலைத் திருகி நிமிர்த்துவது இந்த இடைவெளிதான். சாய்வு கூடக் கூட முதலில் இது வளரும். ஓர் உச்சத்தைத் தொட்டபின் குறையத் தொடங்கும்.

எதிரணியில் நிற்பது காற்று. அதன் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. சாதாரணக் காற்றிலேயே அவ்வப்போது வேகம் 1.4 மடங்குவரை எகிறும். 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 2 வரும். தெளிந்த வானத்தின் கீழேயே பாய்களின் மேல் அழுத்தம் இரட்டிக்கும் என்று பொருள்.

இனி, கடலில் இரண்டு பிற்பகல்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கப்பல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில், பெரும்பாலான பாய்களைச் சுருட்டிவிட்டு, நன்றாகச் சாய்ந்தபடி போகிறது. மேல்தட்டு ஈரம், கயிறு பிடிக்காமல் நடக்க முடியவில்லை, பயிற்சி பெறும் இளைஞர்கள் முகம் வெளுத்திருக்கிறார்கள். இரண்டாவது கப்பல் 20 கிலோமீட்டர் இளங்காற்றில், எல்லாப் பாய்களையும் விரித்துக்கொண்டு, லேசான சாய்வோடு மிதக்கிறது. யாரோ புத்தகம் படிக்கிறார்கள். இப்போது இரண்டின் மீதும் 80 கிலோமீட்டர் சூறைக்காற்று ஒன்று அடிக்கிறது. முதல் கப்பலின் மேல் விசை சுமார் 1.8 மடங்காகிறது. இரண்டாவதன் மேல் 16 மடங்காகிறது! கப்பல் சாயச் சாயப் பாய்கள் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறையும் என்பதால் சாய்வும் அப்படியே 16 மடங்காகிவிடாது. ஆனாலும் ஆபத்தில் இருப்பது, அமைதியாகத் தெரிந்த அந்த இரண்டாவது கப்பல்தான்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் வியப்பளித்த உண்மை இது. நம் உடம்பு சாய்வை உணர்கிறது, சாய்வைக் கண்டுதான் அஞ்சுகிறது. வரவிருக்கும் காற்றுக்கும் இப்போதைய காற்றுக்கும் உள்ள விகிதத்தை எந்த உடம்பும் உணராது. அதை யாராவது கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கு பிறந்ததன் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1984 ஜூன் 3 அன்று, பெர்முடாவிலிருந்து ஹாலிஃபாக்ஸ் நோக்கிப் போட்டியில் சென்ற மார்க்கஸ் என்ற பாய்மரக் கப்பலைச் சூறைக்காற்று சாய்த்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் அது மூழ்கியது. 28 பேரில் 19 பேர் இறந்தார்கள். அதன்பின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வுல்ஃப்சன் ஆய்வுப் பிரிவு இந்தச் சிக்கலை ஆராய்ந்து, அதிகாரிகள் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய வரைபடத்தை உருவாக்கியது. அதன் ஒரு பக்கம் காற்றின் வேகம், மறுபக்கம் சாய்வுக் கோணம். காற்றுமானியையும் சாய்வுமானியையும் படித்து, இரண்டும் சந்திக்கும் புள்ளியைத் தேடினால், இந்த நிலையிலிருந்து எவ்வளவு வலிய சூறைக்காற்றுவரை கப்பல் தாங்கும் என்பது தெரியும். வளைகோடுகளைப் பார்த்தாலே மேலே சொன்ன பாடம் புரியும்: காற்று மெல்லியதாக இருக்கும்போது அனுமதிக்கப்படும் சாய்வும் சிறியது.

தாங்குவதன் எல்லையைத் தீர்மானிப்பதுதான் கதவு. கதவு, ஜன்னல், காற்றுத்துளை எல்லாம் இறுக மூடியிருந்தால் நன்றாக வடிவமைத்த பயிற்சிக் கப்பல் மிகப் பெரிய சாய்விலிருந்தும் மீளும். ஒரு கதவு திறந்திருந்தால், அதன் விளிம்பு நீரைத் தொடும் கோணத்தோடு கணக்கு முடிந்துவிடும். உள்ளே புகும் நீர் தாழும் பக்கத்தில் தேங்கி, சாய்வை மேலும் கூட்டி, இன்னொரு திறப்பையும் நீருக்குள் இறக்கும்.

2010 பிப்ரவரி 17 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் கன்கார்டியா என்ற கனடியப் பள்ளிக் கப்பலுக்கு இதுதான் நேர்ந்தது. மாணவர்களும் பணியாளர்களுமாக 64 பேர். அனைவரும் படகுகளில் ஏறி, ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து மீட்கப்பட்டார்கள். மேகத்திலிருந்து செங்குத்தாக விழும் அபூர்வக் காற்றுதான் காரணம் என்று முதலில் பேசப்பட்டது. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. கடலில் எதிர்பார்க்கக்கூடிய வேகத்துச் சூறைக்காற்றுதான் அது. அந்த வளைகோட்டு வரைபடம் கப்பலிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்த அதிகாரிகளுக்கு முறையான பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. அப்படி ஒரு பயிற்சியை விதிகள் கேட்கவும் இல்லை. அந்த நேரத்தில் பொறுப்பிலிருந்த அதிகாரியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்பிக்கப்படாத ஒன்றை ஒருவரிடம் எப்படி எதிர்பார்ப்பது?

சூறைக்காற்று வருவதைக் கண்டபின் என்ன செய்யலாம்? மீன்பிடிப் பாய்ப்படகில் முனையைக் காற்றை நோக்கித் திருப்பினால் பாய் படபடத்து விசை இழந்துவிடும். பருமல்களில், அதாவது பாய்மரத்துக்குக் குறுக்கே பொருத்திய கட்டைகளில், சதுரப் பாய் கட்டிய கப்பலில் அது ஆபத்து. காற்று பாயின் முன்புறத்தில் மோதி, மரத்தைப் பின்னோக்கித் தள்ளும். மரத்தைத் தாங்கும் கயிறுகளில் பெரும்பாலானவை, அது முன்னோக்கிச் சாயாமல் காக்கவே கட்டப்பட்டவை. ஆகவே அதிகாரி கப்பலைக் காற்றோடு ஓடும் திசைக்குத் திருப்பப் பார்ப்பார். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: காற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்த கப்பல் அப்படித் திரும்பும் வழியில் ஒரு கணம் தன் பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டும். அந்தக் கணத்தில் சாய்வு கூடும். திரும்புவதானால் காற்று வந்து சேருமுன்பே திரும்பியிருக்க வேண்டும்.

பாய் குறைப்பது உச்சியிலிருந்து தொடங்கும். உச்சிப் பாய் சிறியதுதான், ஆனால் நெம்புகோலின் நுனியில் இருக்கிறது. முதலில் தட்டிலிருந்தே கயிறுகளை இழுத்து, ஜன்னல் திரையைச் சுருக்குவதுபோல் பாயைப் பருமலோடு சேர்ப்பார்கள். பிறகு ஆட்கள் கயிற்றேணியில் ஏறி, பருமலின் கீழே தொங்கும் கயிற்றில் கால் ஊன்றி, வயிற்றைக் கட்டைமேல் அழுத்திக்கொண்டு அதைக் கட்டுவார்கள். காற்று வந்தபின் ஆளை மேலே அனுப்புவது அவர்கள் உயிரோடு விளையாடுவது. அதனால் அடிவானத்தில் ஒரு கரிய கோடு தெரிந்ததுமே, அல்லது இரவில் ராடாரில் மழைத்திட்டு ஒன்று நெருங்கியதுமே முடிவெடுக்கிறார்கள். மழையில் குளிர்ந்து கீழிறங்கும் காற்று கடல்மேல் பரவி, பல வேளைகளில் மழைக்கு முன்பே வந்துவிடுகிறது. முகத்தில் திடீரென்று குளிர்ச்சி பட்டால் மிஞ்சியிருப்பது மிகக் குறைந்த நேரமே.

வெப்பக்கடலில் இன்னொரு தொல்லை. கீழே அறைகள் புழுங்குகின்றன. வகுப்பில் இருக்கும் மாணவர்கள் கதவைத் திறந்து வைக்கிறார்கள். அவர்கள் செய்வது இயல்பானதுதான். அதனால்தான் பொறுப்பு ஏற்கும் அதிகாரி, விரித்த பாய்களையும் சாய்வையும் காற்றையும் முந்தைய அதிகாரியிடம் கேட்டுக்கொண்டபின், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்றும் கேட்கிறார். பிறகு ஒருவரைத் தாழும் பக்கத்துக்கு அனுப்பி, கதவுகளின் இரும்புத் தாழ்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்து வரச் சொல்கிறார்.