முதுகுவலியோடு கோல்ஃப் ஆடும் பிள்ளைகளும் அவர்களின் அப்பாக்களும்

இந்த மாதமும் ஒரு பையன் வந்தான். வயது 12. பல வாரங்களாகக் கீழ் முதுகில் வலி. எப்போது வலிக்கிறது என்று அவனிடம் கேட்டேன், அப்பா பதில் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டேன், அதற்கும் அப்பாதான். கடைசியில், "அடுத்த வாரம் போட்டி இருக்கு டாக்டர், அதுக்குள்ள சரியாகிடுமா?" என்றார். ஓய்வு வேண்டும் என்றதும், நான் எதிர்பார்த்த அந்தப் பெயரைச் சொன்னார்: பிரபல கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ்.

விளையாட்டு மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே இப்போதெல்லாம் ஆயாசமாக இருக்கிறது. சரி, அவர் 1978-இல் இரண்டு வயதிலேயே தொலைக்காட்சியில் பந்து அடித்துக் காட்டினார், உண்மைதான். அதைப் பார்த்துத் தங்கள் குழந்தையின் கையில் மட்டையைக் கொடுத்த அப்பாக்கள் எத்தனை பேர்? அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? ஜெயித்த ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு, சீக்கிரம் தொடங்கியதால்தான் ஜெயித்தார் என்று முடிவுகட்டுகிறோம். 'அப்பா என்னை ஆடச் சொல்லிக் கேட்டதில்லை, நான்தான் அவரிடம் கேட்டேன்' என்ற பொருளில் வுட்ஸே பேசியிருக்கிறார். அதை மட்டும் யாரும் எனக்கு எடுத்துக்காட்டுவதில்லை.

கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான 'மேஜர்'களில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸைப் பாருங்கள். பள்ளியில் கூடைப்பந்து உட்படப் பல விளையாட்டுகள் ஆடியவர். ஐந்து பிள்ளைகளுக்கு அப்பா. போட்டிகளுக்காக இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டைப் பிரிந்திருப்பதில்லை என்று வைத்திருந்தார். இன்னொரு கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2025 பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்கு முன் செய்தியாளர்களிடம், கோல்ஃப் தன் மனைவியுடனும் மகனுடனும் உள்ள உறவைப் பாதிக்கத் தொடங்கினால் அன்றோடு தொழிலாக ஆடுவதை விட்டுவிடுவேன் என்றார். அந்த வாரம் கோப்பையையும் அவரே வென்றார். உலகின் முதலிடத்தில் இருப்பவருக்கே குடும்பத்துக்கு அடுத்துதான் ஆட்டம் என்றால், 12 வயதுப் பையனின் ஸ்கோருக்காக வீட்டில் இரவுச் சாப்பாடு மௌனமாக நடக்க வேண்டுமா?

வளரும் முதுகெலும்பு ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப முறுக்கப்பட்டால் எலும்பில் நுண்முறிவு, அதாவது மெல்லிய விரிசல், வரலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு, அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால், அல்லது பின்னால் வளையும்போது வலித்தால், மட்டையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். ஸ்ப்ரே அடித்து, மாத்திரை கொடுத்து ஆட வைக்காதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்வதும் இதுதான்: வாரத்தில் ஓரிரு நாள் முழு ஓய்வு, ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது விடுப்பு, 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் அடைபடாமல் இருப்பது. மூன்று மாதம் என்றதும் முகம் வாடாதீர்கள். பையன் நீந்தட்டும், கால்பந்து ஆடட்டும், சும்மாவும் இருக்கட்டும்.

அப்பாக்களே, உங்களுக்கு கோல்ஃப் பிடிக்குமென்றால் நீங்கள் ஆடுங்கள். ஒன்பது குழி, அதாவது பாதி ஆட்டம், ஆடிவிட்டு, மீதி நேரத்துக்கு வீட்டுக்கு வாருங்கள். பையனைக் கூட்டிப்போகும் நாளில் காரில் திரும்பும்போது ஸ்விங்கைப் பற்றி, அதாவது அவன் மட்டையை வீசிய விதத்தைப் பற்றி, பேசாதீர்கள், அவனாகப் பேசினால் கேளுங்கள். அப்புறம், ஓய்வு முடிந்து நாங்கள் அனுமதி கொடுத்ததும் பந்தை வெகுதூரம் அடிக்கும் 'டிரைவர்' மட்டையை நேரே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளும் பட்டிங், பிறகு சின்ன ஷாட்டுகள், எல்லாம் வலியில்லாமல் போன பிறகே முழு ஸ்விங். இடையில் எங்கே வலி வந்தாலும் ஒரு படி பின்னால் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.