ஃபிளாஷின் பவரைக் குறைத்தால் வேகம் கூடும்

ஊசி குத்திய பலூன் பாதி கிழிந்த நிலையில் நிற்கும் படத்தையோ, பாலில் விழுந்த துளி கிரீடமாக எழும்பி நிற்கும் படத்தையோ பார்த்ததும் பலரும் கேட்பது, "எந்த கேமரா?" என்றுதான். 1/8000 நொடி மட்டும் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் உள்ள விலை கூடிய கேமராவாக இருக்கும் என்று அவர்களே முடிவும் செய்துவிடுவார்கள். அந்தப் படத்தில் ஷட்டருக்குப் பெரிதாக வேலையே இருந்திருக்காது. பெரும்பாலும் அது ஒரு நொடி, இரண்டு நொடி திறந்தே கிடந்திருக்கும்.

முதலில் துளியின் கணக்கு. அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, கீழே தொடும்போது நொடிக்குச் சுமார் 3.1 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/1000 நொடியில் 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். துளியே சில மில்லிமீட்டர் அகலம்தான் என்பதால் படத்தில் ஓர் இழுப்புதான் மிஞ்சும். 1/4000 நொடியிலும் முக்கால் மில்லிமீட்டர் நகரும். நெருங்கி எடுக்கும் படத்தில் அது நன்றாகவே தெரியும். 1/40000 நொடி என்றால் நகர்வு 0.08 மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் போனால்தான் துளி துளியாகத் தெரியும்.

இந்த வேகத்துக்கு ஷட்டர் வராது. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டே போக, இன்னொன்று பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். 1/4000 என்று வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளிதான் படம் பதிவாகும் சென்சார் மேல் ஓடுகிறது. அது ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்ச் சேரவே ஏறக்குறைய 1/250 நொடி ஆகிறது. அதாவது படத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் வேறு வேறு நேரத்தில் பதிவானவை.

அதனால் வேலையை ஒளியிடம் கொடுத்துவிட வேண்டும். அறையை நன்றாக இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்தால் சென்சாரில் எதுவும் பதிவாகாது. பிறகு கண நேரம் ஃபிளாஷ் அடித்தால், அந்தக் கண நேரம் மட்டும்தான் படம். ஒளி எவ்வளவு நேரம் இருந்ததோ அதுதான் உண்மையான ஷட்டர் வேகம்.

சரி, ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எரிகிறது? கேமராவின் தலையில் மாட்டும் ஃபிளாஷுக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதில் சுமார் 300 வோல்ட்டில் மின்சாரம் சேர்ந்திருக்கும். செனான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் அது பாயும்போது ஒளி பிறக்கிறது. பவரை எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று குறைக்கும்போது விளக்கு மங்கலாக எரிவதில்லை. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்து சட்டென்று மூடுவதுபோல, அதே வீச்சில் எரியத் தொடங்கும் ஒளியை ஒரு டிரான்சிஸ்டர் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. பவர் குறையக் குறைய நேரமும் சுருங்கும். நிக்கான் எஸ்பி-800 ஃபிளாஷின் கையேட்டில் இது எண்ணாகவே இருக்கிறது: முழுப் பவரில் 1/1050 நொடி, 1/16 பவரில் 1/10900, 1/128 பவரில் 1/41600.

கூடுதல் ஒளிதான் அசைவை உறைய வைக்கும் என்று நினைத்துப் பவரை ஏற்றுபவர்களுக்குத் துளி கலங்கலாகவே வருவது இதனால்தான். பவரைக் குறைத்தால் போகும் ஒளியை வேறு வழியில் மீட்கலாம். ஃபிளாஷைப் பொருளிலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்திருந்தால் 30-க்குக் கொண்டுவாருங்கள். ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். இரண்டு ஃபிளாஷ்களை ஒன்றாக அடித்தால் நேரம் நீளாமலே ஒளி இரட்டிக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய ஸ்டூடியோ ஃபிளாஷ்கள் பலவற்றில் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் பவரைக் குறைப்பார்கள். அவற்றில் பவர் இறங்கினால் ஒளி நீளும். விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இந்த யோசனை புகைப்படக் கலைக்கு ஏறக்குறைய சமவயது. 1851-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், வேகமாகச் சுழலும் சக்கரத்தில் செய்தித்தாள் பக்கம் ஒன்றை ஒட்டி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லைடன் ஜாடிகளின் மின்பொறி வெளிச்சத்தில் எழுத்து தெரியும்படி படம் எடுத்தார். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டனின் கதை. அவர் 1870-களிலிருந்து இருட்டறையில் துளிகளை விழவைத்து, மின்பொறியில் கண்ணுக்குத் தெரிந்ததைக் கையால் வரைந்துவந்தார். வரைந்ததெல்லாம் அழகான, எல்லாப் பக்கமும் ஒரே அளவான கிரீடங்கள். 1890-களில் அதையே புகைப்படமாக எடுத்தபோது ஒவ்வொன்றும் கோணலும் மாணலுமாக இருந்தது. பழைய குறிப்புகளைப் புரட்டினால், கோணலான வடிவங்களையும் அவர் முன்பே பார்த்து வரைந்திருக்கிறார். அவற்றைப் பிசகு என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்!

அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரால்ட் எட்ஜர்டன் 1930-களில் இதற்கு வாயுக்குழாய் ஃபிளாஷைக் கொண்டுவந்தார். மோட்டார்களை ஆராயப் போய் இதில் இறங்கியவர் அவர். அவருடைய பால்துளிக் கிரீடம் 1957-இல் எடுத்தது. ஆப்பிளைத் துளைத்த தோட்டா 1964-இல். தோட்டாவுக்கு நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளி வேண்டும். வீட்டு ஃபிளாஷால் அது ஆகாது.

பலூன் ஆகும். ஆனால் ஃபிளாஷை எப்போது அடிப்பது? கையால் அழுத்தினால் நம் அனிச்சையே 0.2 நொடி தாமதம். அதனால் பலூனின் சத்தத்தையே கேட்டு அடிக்க வைக்கிறார்கள். ஒரு சின்ன மைக், நிரல் எழுதி இயக்கும் அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, ஃபிளாஷின் மின்சாரம் பலகைக்கு வராமல் ஒளி வழியாக மட்டும் சைகை அனுப்பும் ஓர் ஆப்டோகப்ளர் போதும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும். ஆப்டோகப்ளரை விட்டுவிட வேண்டாம், சில பழைய ஃபிளாஷ்களின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஃபிளாஷைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் நிற்கும்.

ஒலி 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அதாவது மைக்கை 35 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் ஒரு மில்லிநொடி தாமதம். கணினி நிரலைத் தொடாமல், மைக்கை முன்னும் பின்னும் நகர்த்தியே கிழிசலின் எந்தக் கட்டம் வேண்டுமோ அதைப் பிடிக்கலாம். ரப்பரின் விளிம்பு துளியைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுவதால் அங்கே கொஞ்சம் கலங்கல் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தண்ணீர் நிரப்பிய பலூன் இன்னும் நன்றாக இருக்கும். ரப்பர் உரிந்து போயிருக்கும், தண்ணீர் மட்டும் பலூன் வடிவிலேயே அந்தரத்தில் நிற்கும். மாயமில்லை: 5 மில்லிநொடியில் புவியீர்ப்பால் அது விழுந்திருக்கக்கூடிய தூரம் 0.12 மில்லிமீட்டர்தான். ரப்பர் உரசிப்போன தடம் அதன் மேல் சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். அடியில் பெரிய வாளி வைக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கேமராவில் தொடக்கமாக லென்ஸ் துளை எஃப் 11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 2 நொடி. ஃபோகஸைக் கையால் வைத்துவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கன்னங்கரேலென்று வந்தால் சரி. இல்லையென்றால் எங்கோ ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வருகிறது.

துளிக்குச் சத்தம் உதவாது. அதன் பாதையில் ஓர் அகச்சிவப்புக் கதிரை வைத்து, துளி அதை மறைத்ததும் நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள். அரை மீட்டர் வீழ்ச்சியில், மேலிருந்து 10 சென்டிமீட்டரில் கதிர் இருந்தால், துளி பாலைத் தொட அங்கிருந்து 176 மில்லிநொடி. கிரீடம் அதற்குச் சில மில்லிநொடி கழித்து. அப்புறம் நடுவிலிருந்து ஒரு தூண் மேலே எழும். அந்தத் தூணின் தலையில் இரண்டாவது துளி மோதினால் குடைபோல் விரியும். சொட்டும் குழாயிலும் எப்போதாவது அது சிக்கும். வேண்டியபோதெல்லாம் வேண்டுமென்றால், இரண்டு துளிகளுக்கும் இடையிலான நேரத்தை அர்டுயினோவே பார்த்துக்கொள்ளும்படி மின்சாரத்தில் திறந்து மூடும் சின்ன வால்வு ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.