கூறு கட்ட முடியாத எண்

காசிமேட்டில் மீன் வாங்கியவர்களுக்குக் கூறு கட்டுவது என்றால் என்னவென்று தெரியும். 24 சங்கரா இருந்தால் ஆறாறாக நான்கு கூறு வைக்கலாம், எட்டெட்டாக மூன்றும் வைக்கலாம். 23 என்றால் எப்படி அடுக்கினாலும் மீன் மிஞ்சும். ஒவ்வொன்றாக விற்க வேண்டும், இல்லையேல் மொத்தத்தையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டும். 23 ஒரு பகா எண். பகு, பங்கு, பகா எல்லாம் ஒரே வேர். கணக்குப் புத்தகத்தில் இவ்வளவு கச்சிதமான சொல் வேறு கிடைப்பது அரிது.

2024 அக்டோபரில் லூக் டுரன்ட் என்பவர் கண்டெடுத்த பகா எண்ணைப் பாருங்கள். 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் 1 கழிக்க வேண்டும். விடையில் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 4,000 இலக்கமாக அச்சிட்டாலும் பத்தாயிரம் பக்கம் தாண்டும். வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் பகா எண்களுக்குச் சில நூறு இலக்கங்களே போதும். இந்தப் பூதத்தால் அங்கே ஒரு பயனும் இல்லை.

சரி, இதைச் சமமாகக் கூறு கட்ட முடியாது என்று எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கப் பிரபஞ்சத்தின் ஆயுளே போதாது. 1876இல் பிரெஞ்சுக்காரர் லூக்கா ஒரு குறுக்குவழி கண்டார். பின்னர் அமெரிக்கர் லேமர் அதைச் செம்மைப்படுத்தினார். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 31. இப்போது 4இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2 கழித்தால் 14. மறுபடி அப்படியே செய்தால் 194. 31ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 8. இன்னொரு முறை செய்தால் 62, மீதி 0. ஐந்துக்கு இரண்டு குறைவாக, மூன்றே படியில் பூஜ்யம் வந்துவிட்டது. எனவே 31 பகா எண்தான். பதினொரு இரண்டுகளில் வரும் 2,047க்கு ஒன்பதாம் படியில் மீதி 1,736. பூஜ்யம் வராததால் 2,047 பகா எண் அல்ல; அது 23 × 89.

டுரன்டின் எண்ணுக்கும் இதே சோதனைதான், படிகள் மட்டும் 13,62,79,839. டப்ளினில் ஒரு கணினி வேறொரு சோதனையில் 'பகா எண்ணாக இருக்கலாம்' என்று காட்டியது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இன்னொரு கணினி லூக்காவின் வழியில் அதை உறுதிசெய்தது.

எனக்கு வியப்பு பூஜ்யத்தில் இல்லை, அது வராதபோதுதான். கூறு கட்டலாம் என்று சோதனை அடித்துச் சொல்லும். கூறுக்கு எத்தனை மீன் என்று வாய் திறக்காது. 67 இரண்டுகளில் வரும் 21 இலக்க எண் பகா எண் அல்ல என்று லூக்கா 1876இலேயே காட்டிவிட்டார். 19,37,07,721 அதை மீதியின்றி வகுக்கும் என்று அமெரிக்கர் ஃபிராங்க் நெல்சன் கோல் கண்டு சொன்னது 1903இல். 1,277 இரண்டுகளில் வரும் 385 இலக்க எண்ணும் அப்படித்தான். சமமாகப் பிரிக்கலாம் என்பது உறுதி. எத்தனை எத்தனையாக என்பது இதை எழுதும்வரை எவர் கைக்கும் அகப்படவில்லை.