1913-க்கு முன் பறிபோன நிலம்: தென்னாப்பிரிக்க மீட்புச் சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காலனி ஆட்சியினர் ஆப்பிரிக்க மக்களின் நிலத்தைப் போரிட்டும் சட்டம் இயற்றியும் எடுத்துக்கொண்டார்கள். கேப் காலனியில் அதன் பிரதமர் செசில் ரோட்ஸ் 1894-இல் கொண்டுவந்த கிளென் கிரே சட்டம் ஒருவருக்கு ஒரு துண்டு நிலம் மட்டும் என்று வரையறுத்து, கூலி வேலைக்குப் போகாத ஆண்களிடம் 10 ஷில்லிங் வரி கேட்டது. சரியாக நூறாண்டு கழித்து வந்த நில உரிமை மீட்புச் சட்டமோ, 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனப் பாகுபாட்டால் நேர்ந்த இழப்பை மட்டுமே ஏற்கிறது.

நிலத்தைத் திரும்பக் கேட்பவர்களில் பலர் தோற்றுப்போவது இந்தத் தேதியில்தான். நிலம் எப்போது போனது என்று, மீட்பு மனுவை விசாரிக்கும் அலுவலர் கேட்கும்போது, பெரியவர்கள் 'வெள்ளையர் வந்த காலத்தில்' என்று உள்ளதைச் சொல்கிறார்கள். அது தாளில் ஏறியதும் கோரிக்கை தகுதியற்றதாகிவிடுகிறது. பத்திரம் கைமாறிய பின்னும் அந்த மண்ணில் குடியிருந்தீர்களா, உழுதீர்களா, மாடு மேய்த்தீர்களா, அங்கிருந்து எப்போது வெளியேற்றப்பட்டீர்கள் என்று கேட்க வேண்டியது அலுவலரின் கடமை. அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லி எழுத வையுங்கள். வாரச் சாகுபடி (விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடுவது), உழைப்புக்கு ஈடாகப் பெற்ற குத்தகை, மரபுவழி உரிமை, தொடர்ந்து 10 ஆண்டு அனுபவித்த குடியிருப்பு ஆகிய அனைத்தும் சட்டத்தின் பார்வையில் நில உரிமைகளே. லிம்போபோ மாகாணத்தின் போபெலா மக்கள் தங்கள் பூர்வ நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இழந்தவர்கள்; ஆனால் உழைப்புக் குத்தகை 1969-இல் பறிக்கப்பட்டதை வைத்து 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றார்கள். அங்கும் சமூகமாக வைத்த கோரிக்கை நிற்கவில்லை, தனிநபர்களின் கோரிக்கையே நின்றது. ஆகவே உங்கள் கோப்பில் சமூகக் கோரிக்கை, தனிநபர் கோரிக்கை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பதிவு செய்யப்படாத மரபுவழித் திருமணத்தின் மனைவியும் இச்சட்டப்படி நேர் வாரிசுதான். திருமணச் சான்றிதழ் இல்லை என்று கைம்பெண்களைத் திருப்பி அனுப்புவது சட்டத்துக்கே விரோதமானது. எழுத்துச் சான்று இல்லையென்றும் பின்வாங்க வேண்டாம். நிலம் பறிபோன விதம் பற்றி முன்னோர் சொல்லக் கேட்ட செய்தியையும் நில நீதிமன்றம் (2024 வரை நிலக் கோரிக்கை நீதிமன்றம்) ஏற்கலாம்.

மனு கொடுத்தபோது பெற்ற ரசீதில் உள்ள தேதியைப் பாருங்கள். 1998 டிசம்பர் 31-க்குள் கொடுத்த மனுக்களுக்கே முன்னுரிமை. 2014-இல் மீண்டும் திறந்த மனுப் பதிவை அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் நிறுத்திவிட்டது; இடையில் பெற்ற மனுக்கள் பழையவை தீரும்வரை காத்திருக்கின்றன. ஆகவே வரிசையை முந்தித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கோப்பு காணவில்லை என்ற பதில் வரும் என்றே எண்ணி, மூலத்தை வீட்டில் வைத்து, நகலை மட்டும் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையைக் கையில் வாங்கிய பிறகே அலுவலகத்தைவிட்டு வெளியே வாருங்கள்.