கணப்பு புகை கக்கினால் முதலில் ஜன்னலைப் பாருங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய பங்களாக்களைப் புதுப்பிக்கும் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது: "சார், இத்தனை வருஷம் நன்றாக எரிந்த கணப்பு (ஃபயர் பிளேஸ்) இப்போது ரூமுக்குள் புகை விடுகிறது." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் புகைபோக்கியில் ஒரு குறையும் இருக்காது. இடுக்கு விழுந்த மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு இடுக்கில்லாத யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருப்பார்கள். குளிர் வருகிறதென்று கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருப்பார்கள். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன், சமையலறையில் மின்சாரச் சிம்னி வேறு.

புகைபோக்கிக்குள் சூடேறிய காற்று வெளிக்காற்றைவிட லேசானது. அதனால் மேலே ஏறுகிறது. அது ஏற ஏற, அதே அளவு காற்று அறைக்குள் வந்தாக வேண்டும். வர வழியில்லை என்றால், புகையை மேலே கொண்டுபோகும் இழுப்பு தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடினால், அது தனக்கு வேண்டிய காற்றைப் புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கும், புகையும் கூடவே வரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் இழுப்பும் இயல்பிலேயே கொஞ்சம் குறைவுதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கணப்பில் சின்னதாகத் தீ மூட்டி, புகைபோக்கி சூடேறியதும் எல்லாக் கதவு ஜன்னலையும் சாத்துங்கள். ஃபேன், சிம்னி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். கணப்பின் வாயருகே ஓர் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போனால் சரி. தயங்கி நின்றாலோ உங்கள் பக்கம் திரும்பினாலோ, காற்று வர வழி செய்யும்வரை அந்தக் கணப்பில் விறகு வைக்காதீர்கள்.

வழி என்றால் மூட முடியாத வழி. கணப்புக்கு மேல் புகை நுழையும் குறுகலான வாயின் பரப்பில் பாதியளவாவது நிரந்தரக் காற்றுத் துளை வேண்டும் என்கிறது பிரிட்டன் கட்டட விதிமுறை. நானும் அதையே பின்பற்றுகிறேன். "எலி வருமே" என்பார்கள். கம்பி வலை அடியுங்கள், கொசுவலை வேண்டாம். தூசி படிந்து அடைத்துவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்றால், நள்ளிரவில் குளிருக்கு யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள்.

புதிய ஹோம்ஸ்டேக்களில் இரும்பு அடுப்பு வைத்து, குழாயைச் செங்கோணத்தில் திருப்பிச் சுவரைத் துளைத்து வெளியே விட்டு, கூரை விளிம்புக்குக் கீழேயே நிறுத்திவிடுகிறார்கள். காற்றடித்தால் புகை அப்படியே திரும்பும். குழாய் கூரையைவிடக் குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடியாவது மேலே நிற்க வேண்டும். வளைவு தவிர்க்க முடியாவிட்டால் 45 டிகிரியில் இரண்டோடு நிறுத்துங்கள். காயாத சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு வேண்டாம். குழாயில் தார் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும்.

இவ்வளவும் புகை தெரிகிற வரைக்கும். எனக்குப் பெரிய பயம் புகை அடங்கிய தணல் மேல்தான். தீ தணிந்துவிட்டது, சூடு வீணாகக் கூடாது என்று குழாயின் அடைப்புத் தகட்டை முழுதாக மூடிவிட்டுப் படுப்பார்கள். கங்கு கனன்றுகொண்டே கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தகடு முழுதாக மூடாதபடி அதில் ஒரு பகுதியை வெட்டிவிடச் சொல்கிறேன். கரிச் சட்டியையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள், கூடாரத்துக்குள் கொண்டுபோனால், எந்தத் திருத்தம் செய்தும் அதைப் பாதுகாப்பாக்க முடியாது. ஊட்டி, கொடைக்கானலில் இதனால் உயிர் போன செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் மாட்டுங்கள், படுக்கையறையிலும் ஒன்று. அப்புறம், கணப்பு எரியும் வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, குமட்டல் என்றால் சாப்பாட்டைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். ஆக்சிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.