அண்ணப்பிளவு: மூன்று சுழி ‘ண’

குழந்தை வாயின் மேற்கூரையில் பிளவோடு பிறப்பதை மருத்துவர் ‘கிளெஃப்ட் பேலட்’ என்பார். அதைச் செய்திகளிலும் முகாம் அறிவிப்புகளிலும் ‘அன்னப்பிளவு’ என்று எழுதிவிடுகிறார்கள். பிழை. இரண்டு சுழி ‘ன’ போட்டால் அது பறவை அல்லது சோறு. வாயின் மேற்கூரை அண்ணம். ‘அண்’ என்ற அடிக்கு மேல் என்று பொருள். அண்ணாந்து பார்ப்பதிலும் உள்நாக்கைக் குறிக்கும் அண்ணாக்கிலும் இருப்பது அதே அடிதான். மரம், பலகை சேர்ந்து மரப்பலகை ஆவதுபோல அண்ணம், பிளவு சேர்ந்து அண்ணப்பிளவு. ‘மேல்வாய்ப் பிளவு’ என்றாலும் தவறில்லை. ஆனால் முன்பக்க எலும்புப் பகுதியை வல்லண்ணம், பின்பக்கத் தசைப் பகுதியை மெல்லண்ணம் என்று பிரித்துப் பேச வேண்டியிருப்பதால் அண்ணமே வசதி.

இது பழைய சொல். தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்து பிறக்கும் இடங்களில் அண்ணத்தையும் எண்ணுகிறது. மெல்லெழுத்து ஆறும் வல்லெழுத்து பிறக்கும் அதே இடத்தில் பிறந்தாலும் ‘மூக்கின் வளியிசை’ கூடித் தோன்றும் என்கிறது. அண்ணப்பிளவுக் குழந்தையின் பேச்சைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதி போதும். ப, த, ட, க சொல்லும்போது மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குவழியை அடைக்க வேண்டும். அப்போதுதான் வாய்க்குள் காற்றழுத்தம் சேரும். பிளவிருந்தால் காற்று மூக்கில் கசிந்து வல்லினம் மெல்லினமாகிவிடும். பாப்பா ‘மாம்மா’ ஆகும், தாத்தா ‘நான்னா’ ஆகும்.

வீட்டில் ஏமாறுவதும் இங்கேதான். அம்மா, மாமா, மீன், நாய் எல்லாம் ஓரளவு தெளிவாக வரும்; ‘பேச்சு வந்துவிட்டது’ என்று விட்டுவிடுவார்கள். பால், பூ, பாட்டி, தோசை வருகிறதா என்று பாருங்கள். மூன்று வயதில் ழ, ற சரியாக வராதது வெறும் மழலை. ப-வும் த-வும் மூக்கில் போவது மழலை அல்ல.

‘மூக்கால் பேசுகிறது’ என்று நாம் சொல்வதில் இரண்டு நேரெதிர் நிலைகள் ஒளிந்திருக்கின்றன. அப்பா ‘அம்மா’வாகக் கேட்டால் காற்று மூக்கில் கசிகிறது. அம்மா ‘அப்பா’வாகக் கேட்டால் சளியோ, மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ மூக்கை அடைத்திருக்கிறது. சோதிக்கச் சிறு கண்ணாடி போதும். குழந்தை ‘பாப்பா’, ‘டப்பா’ என்று சொல்லத் தொடங்கிய பிறகு மூக்கின் கீழே நீட்டி, சொல்லி முடிக்குமுன் எடுத்துவிடுங்கள். முன்பின் வைத்தால் மூச்சுக்காற்றே படிந்துவிடும். ஆவி படிந்தால் கசிவு இருக்கலாம். அம்மா, மாமா போன்ற சொற்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவற்றுக்கு யார் மூக்கிலும் ஆவி படியும்.

வெளியே தெரியாத பிளவும் உண்டு. மேல்தோல் மூடியிருக்கும், உள்ளே தசை சேர்ந்திருக்காது. உள்நாக்கு இரட்டையாக இருப்பது, அண்ணத்தின் நடுவில் நீலம்பாரித்த கோடு, வல்லண்ணத்தின் பின்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம், பால் மூக்கு வழியே வருவது ஆகியவை அடையாளங்கள். இப்படிப்பட்ட குழந்தைக்கு அடினாய்டை அகற்றினால் அதுவரை மறைந்திருந்த மூக்கொலி வெளிப்பட்டுவிடலாம். அதனால் அந்த அறுவைக்கு முன் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணத்தை மூடும் அறுவை பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள் நடக்கும். பேச்சு முளைக்கும் காலம் அதுதான் என்பதே காரணம். தாமதமானால் குழந்தை தானே மாற்றுவழி தேடும்: வாயில் நிற்காத அழுத்தத்தைத் தொண்டையில் பிடித்து, ‘பாட்டி’யை ‘ஆ–இ’ என்று வெட்டி வெட்டிச் சொல்லும். பிளவை மூடிய பிறகும் இந்தப் பழக்கம் தானாகப் போகாது. பேச்சுப் பயிற்சிதான் மாற்றும். ‘அழுத்திச் சொல்லு, சத்தமாகச் சொல்லு’ என்று வற்புறுத்தினால் தொண்டைப்பிடி இன்னும் இறுகும். மென்மையாக, ஹகரக் காற்றை முன்னால் விட்டு ‘ஹஹ–பா’ என்று சொல்ல வைப்பது பயிற்சியாளர்கள் கையாளும் வழி. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ‘ப’ சொல்ல வைத்தால், காற்று வாயில் நிற்பது எப்படி என்று குழந்தைக்குப் பிடிபடும்.

பலூன், ஊதல், உறிஞ்சுகுழல் எல்லாம் வாங்கிக் கொடுப்பார்கள். விளையாடட்டும். பேச்சு அதனால் திருந்தாது. ஊதும்போது மெல்லண்ணம் இயங்கும் விதம் வேறு, பேசும்போது இயங்கும் விதம் வேறு.

காதையும் மறக்கக் கூடாது. நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாயைத் திறப்பது அண்ணத் தசையே. அது சரியாக இழுக்காததால் இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நடுச்செவியில் நீர் தேங்கும். வலியில்லாமல் கேட்கும் திறன் மட்டும் மங்கும். கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். காதில் பட்டும் படாமலும் விழும் சொல்லை வாய் எப்படித் திருப்பிச் சொல்லும்? ஒருமுறை சோதித்ததோடு நிறுத்தாமல், குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டல் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால்தான் பிளவு என்பது வீண்பழி. உதடு 4 முதல் 7, அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள் கருவில் சேர்ந்துவிடும். பல தாய்மாருக்குக் கருத்தரித்ததே அப்போது தெரிந்திருக்காது.

இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் (RBSK) குறைபாடுகள் பட்டியலில் உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் உண்டு. அத்திட்டத்தின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (DEIC) பதியும்போது அறுவைத் தேதியோடு பேச்சுப் பயிற்சிக்கும் கேட்டல் சோதனைக்கும் நாள் குறித்து வாங்குங்கள். முறையாகப் பயிற்சி எடுத்தும் மூக்கொலி போகாத குழந்தைக்கு, நாலைந்து வயதில் உள்நோக்கிக் குழாய் விட்டு மெல்லண்ணம் மூடுகிறதா என்று பார்த்த பின், இரண்டாம் அறுவை தேவைப்படலாம்.